செங்கமடைக்குப் போன தண்ணீர்

கூவலப்பட்டிக்குத் தெற்கே ஓர் ஆறு இருப்பதை ஊர்க்காரர்களே பாதி மறந்து போயிருந்தார்கள். சிவகாசிக்குப் போகிற கம்பெனி பஸ் தரைப்பாலத்தில் இறங்கி ஏறும்போது, உள்ளே நின்றுகொண்டு வருகிற பொம்பளைகளின் வயிற்றை ஒரு குலுக்கு குலுக்கும். ஆறு என்றால் அவர்களுக்கு அந்தக் குலுக்கல்தான். மற்றபடி மணலும், மணலில் முளைத்த சீமைக்கருவேலமும், நிழலுக்கு ஒதுங்குகிற ஆடுகளும்.

மாடத்திக்கு மட்டும் அப்படி மறந்துவிட முடியவில்லை. அவள் பிறந்தது இதே ஆற்றங்கரையில், கிழக்கே கீழே இருக்கிற செங்கமடையில். வாக்கப்பட்டது மேற்கே கூவலப்பட்டியில். போன வைகாசியில் மகள் சினேகாவை, கூடப்பிறந்த அண்ணன் சோலைச்சாமியின் மகன் கதிரவனுக்கே கட்டிக் கொடுத்தாள். தான் எந்த வீட்டு வாசலைத் தாண்டி வந்தாளோ அதே வாசலுக்கு மகளை அனுப்பி வைத்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி.

கல்யாணம் முடிந்த கையோடு ஆடியில் கம்பெனி பூட்டிவிட்டது. வேறெங்கோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து உராய்ந்து வெடித்து ஆட்கள் செத்துப்போக, அதற்குப் பிறகு சோதனை மேல் சோதனை. மாடத்தி சரம் பின்னிக்கொண்டிருந்த கம்பெனியின் கேட்டிலும் ஒரு காகிதத்தை ஒட்டி சீல் வைத்துவிட்டுப் போனார்கள். தீபாவளி சீசன் உச்சத்துக்கு வருகிற நேரம். அவள் புருசன் வெள்ளைத்துரையும் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர்தான். இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

வெள்ளைத்துரை அதிகம் பேச மாட்டார். ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டு, வேண்டியவர்கள் வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருக்கிற ஆள். அவர்களுக்கு வயக்காட்டில் அரைக் குறுக்கம், ஏறக்குறைய அரை ஏக்கர், நிலம் இருந்தது. அவருடைய அய்யா காலத்தில் கூலிக்கு இறங்கின நிலம் அது. நிலத்துக்காரர்கள் சிவகாசியில் அச்சாபீஸ் போட்டுக் குடியேறியபோது, உழுதவர்களுக்கே துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களும் ரொம்ப நாள் உழவில்லை. தண்ணி இல்லை, கம்பெனி பஸ் வாசலுக்கு வந்தது. முள் மூடிவிட்டது. அந்த முள்ளுக்குள்தான் வெள்ளைத்துரை தினமும் அரிவாளோடு நுழைந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் சோத்துச் சட்டியைக் கொண்டுபோன மாடத்தி கேட்டாள்.

"வெடிஞ்சா அடைஞ்சா முள்ளுக்குள்ள நுளைஞ்சு என்னத்தத்தான் தேடுறீக?"

"காலத் தேடுறேன்."

"ஒங்க கால் ரெண்டும் ஒங்க இடுப்புக்குக் கீளதான இருக்கு? வெயிலு மண்டையில ஏறிருச்சா?"

"கேலி பண்ணாத. ஆத்துல இருந்து இந்த வயக்காடு பூராவுக்கும் ஒரு வாய்க்கா கால் வந்துச்சு. எங்கய்யா மடை தெறந்து நான் பாத்திருக்கேன். இங்கன தொட்டுப் பாரு, கரை இருக்கு."

மாடத்தி குனிந்து பார்த்தாள். முள்வேருக்கு அடியில், காய்ந்து வெடித்த மண்ணில், கரை மாதிரி ஒரு மேடு ஓடியது. அவள் சட்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மம்பட்டியோடு போனாள்.

அவளைப் பார்த்துப் பொன்மணி வந்தாள். கம்பெனியில் மாடத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னுகிறவள். வாய் ஓயாது, கையும் ஓயாது. அவள் நிலம் ஆற்றுக்குப் பக்கத்திலேயே, தலைமடையில். மாடத்தியுடையது வாய்க்கால் முடிகிற இடத்தில், கடைமடையில். இடையில் நிலம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் பொம்பளைகள். சும்மா வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை என்றுதான் முதலில் வந்தார்கள். வெட்டின முள்ளை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்று டீக்கும் வடைக்கும் வைத்துக்கொண்டார்கள். மத்தியானம் புங்க மரத்தடியில் தூக்குவாளிகளைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பு வாசனை ஆற்றின் அக்கரைக்குப் போகும். விரல் இடுக்கில் வருசக்கணக்காய் ஏறிக் கிடந்த வெள்ளி மருந்து போய், கரிசல் மண் ஏறியது.

"கம்பெனியில சூப்பர்வைசர் திட்டுவான், பேசக்கூடாதுன்னு. இங்கன பேசிக்கிட்டே வெட்டலாம், அதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் பொன்மணி.

"நீ பேசுறதுதான் ரொம்ப. வெட்டுறது எங்க?"

"ஏ மாடத்தி, கடைமடைக்காரி நீ. எங்காட்டுல நான் மடையத் தெறந்து விட்டாத்தான் ஒனக்குத் தண்ணி. மருவாதியாப் பேசு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆற்றில் தண்ணீர் வரும் என்று அப்போது ஒருவரும் முழுசாக நம்பியிருக்கவில்லை.

ஐப்பசியில் வந்துவிட்டது. மேற்கு மலையில் விடாமல் பெய்து, ஒரு விடியக்காலை செம்மண் கலங்கலாகத் தரைப்பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஆறு வந்தது. சனம் பூராவும் கரைக்கு ஓடியது. வெள்ளைத்துரை முதல் நாளே ஆட்களோடு ஆற்றுக்குள் இறங்கி, குறுக்கே மணலைக் கூட்டி, முள்ளை வெட்டிப் போட்டு, மேலே மண் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். தண்ணீரை வாய்க்கால் பக்கம் திருப்புகிற அந்தத் தடுப்புக்குக் கொரம்பு என்று பெயர். ஆறு அதன் மேல் ஏறி மறுபக்கம் விழுந்து கிழக்கே போனது. போகிற போக்கில் ஒரு கை தண்ணீரை வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டும் போனது.

நுரையும் சருகும் கருவண்டும் முன்னே வர, தண்ணீர் பின்னே வந்தது. பொன்மணி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அதன்கூடவே கத்திக்கொண்டு ஓடினாள். கடைமடைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. மாடத்தி தன் வரப்பில் நின்றாள். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம், சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி கேட்டது. வெள்ளைத்துரை ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கேட்கவில்லை.

நாற்றுப் பாவி நட்டார்கள். அந்த வயக்காடு பச்சையாக இருந்ததைப் பார்த்த கண்கள் ஊரில் குறைவு. கம்பெனி திறந்துவிடும் என்று யாராவது பேச்செடுத்தால் பொன்மணி, "அறுப்பு முடிஞ்சு தெறக்கட்டும். இப்பத் தெறந்தா நான் வரமாட்டேன்" என்றாள்.

வினை மார்கழியில் வந்தது.

கார்த்திகை முழுக்க மழையில்லை. ஆறு இளைத்துக்கொண்டே வந்து, மார்கழி பிறந்தபோது ஒரு பாய் அகலத்துக்கு ஓடியது. ஐப்பசி வெள்ளத்தில் கொரம்பு யாருக்கும் தொந்தரவில்லை. ஆறு அதைத் தாண்டிப் போனது. இப்போது வருகிற தண்ணீர் முழுவதும் கொரம்பில் முட்டி வாய்க்காலுக்குள் திரும்பியது. கிழக்கே ஒரு சொட்டு போகவில்லை. நெல் கதிர் உள்ளே திரண்டு பொதி கட்டுகிற நேரம், அதுவும் போதவில்லை. தலைமடையில் பாய்ந்து, நடுவில் பாய்ந்து, கடைமடைக்கு வருவதற்குள் வாய்க்காலே குடித்துவிடும். மாடத்தியின் வயலில் மேற்குப் பாதி வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது.

சினேகா போன் பண்ணினாள்.

"யம்மா, கீள ஆத்துல மணல் காயுது. மக்காச்சோளம் கதிர் பிடிச்சுப் பால் வைக்கிற நேரம். எல வெள்ளையாச் சுருண்டு போச்சு."

"மோட்டார் போடலையா?"

"கெணத்துல எங்கம்மா தண்ணி? ஆறு ஓடுனாத்தான் கெணறு ஊறும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமா எங்கூடப் பேசுறதில்ல."

"என்னத்தா சொல்ற?"

"நான் தட்டு வச்சா ஒக்காருறதில்ல. நான் அங்கிட்டுப் போனபெறகு அத்தை வச்சுச் சாப்பிடுறாக. குளாயடிக்குப் போனா, 'ஏ மேல ஊருக்காரி, ஒங்கப்பன் தண்ணி குடுப்பாரான்னு கேட்டுச் சொல்லு'ங்கிறாளுக. அவுக நல்லாத்தான் இருக்காக, ஆனா ஒரு வார்த்தை எனக்காகப் பேச மாட்டாக."

'அவுக' என்றது கதிரவனை. மாடத்தி போனை வைத்தாள். அன்றைக்கு அவள் உலை வைக்கவில்லை. பழைய சோறே போதும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் சோலைச்சாமியே வந்துவிட்டார். செங்கமடை ஆட்கள் ஏழெட்டுப் பேர் வண்டிகளில் வந்து கொரம்பு மேல் நின்றார்கள். மாடத்தி தகவல் தெரிந்து ஓடினாள். அண்ணனுக்கு முன்னால் வெள்ளைத்துரை இடுப்பளவு உயரமான கரையில், கையில் மம்பட்டியோடு நின்றார்.

"மாப்ளே, ஆறு ஒங்க ஊருல பெறக்கல. ஒங்க ஊருல சாகவும் கூடாது" என்றார் சோலைச்சாமி.

"மச்சான், இது எங்க ஊரு பளைய கால். புதுசா நாங்க ஒண்ணும் பண்ணிரல."

"பளைய காலுன்னா பளைய முறையும் இருக்குல்ல? எங்கய்யா காலத்துல மேல பாதி, கீள பாதி. இப்ப என்ன, முளுசா முளுங்கிட்டு ஏப்பம் விடுதீகளா?"

"எங்களுக்கே கடைமடைக்கு வரல மச்சான்."

"அப்ப எங்களுக்கு எப்ப வரும்? சோளம் கருகுன பெறகா?"

மாடத்தி நடுவில் போனாள். "அண்ணே, வெயிலுக்குள்ள நிக்காம வீட்டுக்கு வாங்க. ஒரு வாய் மோராவது குடிச்சிட்டுப் பேசுங்க."

சோலைச்சாமி அவளைப் பார்த்தார். "ஒன் வீட்டுத் தண்ணி வேணாம்த்தா. ஆத்துத் தண்ணிதான் கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். போகிறபோது கூட வந்த ஒருவன், கொரம்பை உடைக்கத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள் என்று கத்திவிட்டுப் போனான்.

வீட்டில் மாடத்தி புருசனிடம் கேட்டாள். "ஒரு பொளுது தெறந்து விட்டாத்தான் என்ன?"

"என் ஒருத்தன் தண்ணியா அது? முள்ளு வெட்டுன அம்புட்டுப் பேரு கையும் அதுல இருக்கு. மச்சானுக்காகத் தெறந்தான்னு பேரு வரும்."

"நம்ம பிள்ள அங்கன சோத்துக்கு ஒக்கார முடியாமக் கெடக்கா."

வெள்ளைத்துரை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் விடிந்ததும், "ஒனக்குச் சரின்னு பட்டா நீ கேட்டுப் பாரு. நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

அவள் வீடு வீடாகப் போனாள். ஆம்பளைகளிடம் பேசவில்லை, வாய்க்கால் வெட்டிய பொம்பளைகளிடம் மட்டும் பேசினாள். சிலர் முகம் கொடுக்கவில்லை. சிலர், மகளைக் கொடுத்த இடம் என்பதால் கேட்கிறாய் என்று நேரடியாகவே சொன்னார்கள். "ஆமா, அதுக்குத்தான் கேக்கேன். வேற எதுக்குக் கேப்பேன்?" என்றாள் மாடத்தி. கடைசியில் எல்லோரும் பொன்மணி வீட்டு வேப்ப மரத்தடியில் கூடினார்கள். பொன்மணி பருப்புச் சேவைக் கொறித்துக்கொண்டே பேசினாள்.

"எனக்குப் பாய்ஞ்சிருச்சு. நான் தலைமடை. இன்னைக்குத் தெறந்தாலும் எனக்குப் பெருசா சேதாரமில்ல. நட்டம் யாருக்கு? ஒனக்கு. ஒன் மேக்குப் பக்கம் வெடிச்சுக் கெடக்கு. ஒனக்கே இன்னும் வரல, நீ தெறங்கிற. புத்தி கித்தி இருக்கா?"

"இருக்கு."

"பொதியில தண்ணி இல்லேன்னா நெல்லு சாவியாப் போகும். உமிதான் மிஞ்சும், தெரியுமா?"

"தெரியும் பொன்மணி. தெரிஞ்சுதான் சொல்றேன். என் முறைத் தண்ணிய அவுகளுக்கு விடுங்க. ஒங்க முறைய யாரும் கேக்கல."

பொன்மணி சேவுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "ஒன் முறைய மட்டும் விட்டா எம்புட்டுத் தண்ணி போகும்? ஈ குடிக்கக் காணாது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் முளுசாத் தெறப்போம். அதுக்கு மேல என்னையக் கேக்காத" என்றாள்.

அன்றைக்கே கொரம்பில் ஓர் ஆள் அகலத்துக்கு மூட்டைகளை எடுத்தார்கள். தண்ணீர் குதித்துக் கிழக்கே ஓடியது. மாடத்தி மகளுக்குப் போன் பண்ணி, "நாளைக்குக் காலையில வந்துரும்னு ஒங்க மாமாகிட்டச் சொல்லு" என்றாள்.

மறுநாள் காலையில் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. சினேகா அழுதுகொண்டே பேசினாள். "யம்மா, நெசமாவே தெறந்தீகளா? மணல்கூட நனையல. ஊருக்குள்ள என்னையப் பொய்க்காரிங்கிறாக. மாமா காலையிலயே ஆத்துக்குப் போனவரு வீட்டுக்கு வரல."

மாடத்தி செருப்பைக்கூட மாட்டாமல் ஆற்றுக்குள் இறங்கினாள். கொரம்பில் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. அதன்கூடவே நடந்தாள். தரைப்பாலத்துக்கு அடியில் நுழைந்து, கருவேலப் புதர்களைச் சுற்றி, மணலில் வளைந்து வளைந்து போனது. கரையில் ஒரு கூட்டம் செங்கால் கொக்கு. ஐயனார் கோயில் தாண்டி ஒரு வளைவு. அங்கே ஆறு சட்டென்று அகன்று பள்ளமாகிக் கிடந்தது. வருசக்கணக்காய் லாரிகள் இறங்கி மணல் அள்ளிய இடம். ஒரு பனைமர ஆழத்துக்குப் பறித்துப் போட்டிருந்தார்கள். ஒரு குழி, அதற்கடுத்து இன்னொரு குழி. ஐப்பசி வெள்ளம் இதையெல்லாம் நிரப்பிக்கொண்டு ஓடியிருக்கும். இப்போது வந்த தண்ணீர் முதல் குழியின் விளிம்பில் இருந்து உள்ளே விழுந்து, அடியில் கலங்கிச் சுற்றி, மணலுக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் திறந்துவிட்ட தண்ணீர் முழுவதும் அங்கேதான் போயிருந்தது.

குழியின் அந்தப் பக்கம் ஓர் ஆள் மணல் மேட்டில் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு. சோலைச்சாமி.

தண்ணீரைத் தேடிக் கீழே இருந்து மேலே நடந்து வந்திருக்கிறார். அவள் தண்ணீரோடு மேலே இருந்து கீழே வந்திருக்கிறாள். இரண்டு பேரும் குழிக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டார்கள்.

"தெறந்துதான் விட்டிருக்கீக" என்றார் அவர்.

"பெறகு என்னண்ணே, பொய்யா சொல்லுவேன்?"

"நான் ஒங்க மேல பளி வச்சது தப்பு. ஊருல ஒரு பய இந்தப் பக்கம் வந்து பாக்கல. நானும் பாக்கல."

மாடத்தி கரையோரமாகச் சுற்றி அண்ணனிடம் வந்து சேர்ந்தாள். கால் பாதத்தில் முள் ஏறியிருந்தது. உட்கார்ந்து பிடுங்கினாள். சோலைச்சாமி இடுப்பில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவள் குடித்தாள்.

"எம்புட்டுத் தண்ணிண்ணே! எங்க வயலுக்கும் இல்லாம, ஒங்க சோளத்துக்கும் இல்லாம."

"இதுல ஊத்துறதுக்கு இன்னொரு ஐப்பசி வெள்ளம் வேணும்." அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கருகட்டும் விடுத்தா. போகுது. நீ வீட்டுக்குப் போயிக் கொரம்ப அடைச்சு ஒன் நெல்லையாவது பாரு."

"நான் அடைச்சிட்டுச் சோறு திங்கிறேன். எம்பிள்ள ஒங்க வீட்டுல யார் மொகத்தப் பாத்துத் திம்பா?"

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளைகிட்ட நான் கோவப்படல. அது மொகத்தப் பாத்தா ஒன் மொகம் வருது. அதான் பாக்கல."

மாடத்தி எழுந்து நின்று ஆற்றின் வடகரையைப் பார்த்தாள். கரையை ஒட்டி லாரிக்காரர்கள் தொடாத ஒரு திட்டு, கடுமண்ணும் ஓடைக்கல்லுமாக, குழிகளைத் தாண்டி வளைவு வரைக்கும் நீண்டு கிடந்தது. மணல் இல்லாததால் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, இந்தத் திட்டுல ஒரு கால் வெட்டித் தண்ணியக் கொண்டுபோனா என்ன? மண்ணு கெட்டி. குடிக்காது."

"ஆத்துக்குள்ள வாய்க்காலா?"

"ஆமா. ஆறு தாண்ட முடியாத எடத்துல நாமதான கையப் பிடிச்சுத் தாண்டி விடணும்?"

சோலைச்சாமி திட்டில் ஏறிக் குதிகாலால் மிதித்துப் பார்த்தார். கையில் ஒரு கட்டியை எடுத்து நசுக்கினார், நசுங்கவில்லை. "கெட்டியாத்தான் இருக்கு" என்றார். அப்போதே சட்டைப்பையில் இருந்து போனை எடுத்துக் கதிரவனைக் கூப்பிட்டார். "ஏலே, கடப்பாரை, மம்பட்டி, இருக்கிற ஆளு எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஐயனார் கோயில் வளைவுக்கு வா. வந்து பாத்துட்டுப் பேசு, இப்ப ஒண்ணும் கேக்காத."

மாடத்தி வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது வெள்ளைத்துரை வயலில் இருந்தார். முழுதும் கேட்டார். தன் மேற்குப் பாதியை ஒரு தடவை பார்த்தார். பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார். அதற்குமேல் அவரிடம் அவள் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கூவலப்பட்டியில் இருந்து எல்லோரும் வந்துவிடவில்லை. "நம்ம நெல்லு காயும்போது அவன் சோளத்துக்கு மண்ணு வெட்டுறதா" என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பாதிக்கு மேல். பொன்மணி வந்தாள். "ஒரு பகலும் ஒரு ராத்திரியும்னு சொன்னேன், இப்ப என்னடான்னா ஆத்துக்குள்ள ஒரு ஆறு வெட்டச் சொல்றா" என்று திட்டிக்கொண்டே வந்தாள். செங்கமடையில் இருந்து மாரித்தாய், மாடத்தியின் மதினி, பெரிய குண்டானில் புளிச்சோறும் துவையலும் கொண்டுவந்து இறக்கினாள். இரண்டு ஊர்ப் பொம்பளைகளும் முதலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். பொன்மணி துவையலை ஒரு வாய் வைத்துவிட்டு, "யாத்தே, இதுல உப்பு போட்டது யாரு? ஒங்க ஊருல உப்பு ஓசியாக் கெடைக்குதா?" என்றாள். சிரித்த பிறகு தள்ளி உட்கார முடியவில்லை.

திட்டு லேசில் மசியவில்லை. கடப்பாரை பட்டால் நெருப்புப் பொறி பறந்தது. வெள்ளைத்துரையும் சோலைச்சாமியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குத்தினார்கள். ஒருவர் குத்த ஒருவர் நெம்ப, பேச்சே இல்லை. இடையில் ஒரு தடவை சோலைச்சாமி, "மாப்ளே, ஒரு பீடி இருக்கா?" என்றார். வெள்ளைத்துரை தான் குடித்துக்கொண்டிருந்ததையே எடுத்துக் கொடுத்தார்.

வேலை இழுத்துக்கொண்டு போனது. அதுவரைக்கும் கொரம்பு திறந்தே கிடந்தது. தண்ணீரை மறுபடி அடைத்தால் செங்கமடை ஆட்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்று வெள்ளைத்துரை அடைக்க விடவில்லை. குழிக்குள் போகிறது போகட்டும் என்றார். மாடத்தி காலையில் வயலைப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றுக்கு வருவாள். மேற்குப் பாதியில் தோகை நுனி மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு மாறியது. அவள் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

கால் வெட்டி முடித்து வாயைத் திறந்துவிட்ட அன்று, தண்ணீர் குழியைத் தொடாமல் திட்டோடு போனது. குறுகலாக, வேகமாக, ஓடைக்கல்லில் மோதிச் சலசலத்துக்கொண்டு போனது. வளைவைத் தாண்டி மறுபடியும் மணலில் இறங்கியபோது சற்றுத் தயங்கி நின்றது. மணல் குடித்தது. பின்னால் வந்த தண்ணீர் தள்ளியது. எல்லோரும் அதற்கு இரண்டு பக்கமும் நடந்தார்கள், தேருக்குப் பின்னால் போகிற மாதிரி. சின்னக் குழந்தையை நடத்திக்கொண்டு போவது போல யாராவது குனிந்து முன்னால் இருக்கிற சருகை விலக்கிவிடுவார்கள்.

செங்கமடை மடை வாசலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. கூட்டத்துக்குப் பின்னால், ஒரு வேலிக்கால் பக்கம், சினேகா தனியாக நின்றுகொண்டிருந்தாள். மாடத்தி மகளைப் பார்த்துவிட்டாள். இளைத்துப் போயிருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் சோலைச்சாமியின் குரல் கேட்டது.

"ஏத்தா சினேகா! எங்கன நிக்கிற? இங்கிட்டு வா."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சினேகா தயங்கித் தயங்கி வந்தாள். சோலைச்சாமி தன் கையில் இருந்த மம்பட்டியை அவளிடம் நீட்டினார்.

"மடைய நீ தெற."

"நானா மாமா?"

"நீதாம்மா. ஒங்கப்பனும் ஆத்தாளும் கூட்டிக்கிட்டு வந்த தண்ணி. வேற யாரு தெறக்கணும்?"

சினேகா மடைக்குள் இறங்கி மண்ணை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் தண்ணீர் அவள் கொலுசை நனைத்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் நுழைந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு சோலைச்சாமி மருமகள் வைத்த தட்டில் உட்கார்ந்தார் என்று பிறகு மாரித்தாய் சொன்னாள். மறுசோறு கேட்டுச் சாப்பிட்டாராம்.

அதற்குப் பிறகு இரண்டு ஊரும் முறை வைத்துக்கொண்டார்கள். மேலே பகல், கீழே இரவு. ஆறு கொஞ்ச நாள்தான் ஓடியது. தை பிறப்பதற்குள் நின்றுவிட்டது. செங்கமடையில் சோளம் முக்கால்வாசி தேறியது. கூவலப்பட்டியில் தலைமடையிலும் நடுவிலும் நெல் நன்றாகவே விளைந்தது. ஆற்றுக்கு வராமல் வீட்டில் இருந்தவர்களில் ஒருவர் இரண்டு பேர், மாடத்தியை நேரில் பார்த்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைமடையில் கிழக்குப் பாதி மணி பிடித்தது. மேற்குப் பாதி கதிர் நேராக நின்றது. நெல் கனத்தால் கதிர் குனியும். குனியவில்லை.

கம்பெனி திறக்கப் போகிறது என்று செய்தி வந்த வாரத்தில் அறுப்பு வைத்தார்கள். அறுக்கிற மிசின் அந்த அரைக் குறுக்கத்துக்கு இறங்காது. கையால்தான் அறுக்க வேண்டும். விடிகிற நேரம் மாடத்தியும் வெள்ளைத்துரையும் பொன்மணியும் வயலுக்குப் போனபோது வரப்பில் ஒரு வண்டி நின்றது. சோலைச்சாமி, மாரித்தாய், கதிரவன், சினேகா, எல்லோரும் அரிவாளோடு வந்திருந்தார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மற்றவர்கள் கிழக்குப் பக்கம் மணி பிடித்த கதிரில் இறங்கினார்கள். சோலைச்சாமி மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மேற்குப் பக்கம் போனார். குனிந்து, ஒரு பிடி தாளைச் சேர்த்துப் பிடித்து, அரிவாளைப் போட்டார். கனமில்லாத கதிர் கையில் சரசரத்தது.

வெள்ளைத்துரை வரப்பில் இருந்து கூப்பிட்டார். "மச்சான், அது சாவி. மாட்டுக்குத்தான் ஆகும். இங்கிட்டு வாங்க."

"தெரியும் மாப்ளே" என்றார் சோலைச்சாமி. நிமிரவில்லை. அடுத்த பிடியைச் சேர்த்துப் பிடித்தார்.

மாடத்தி அரிவாளை எடுத்துக்கொண்டு போய் அண்ணனுக்குப் பக்கத்து வரிசையில் குனிந்தாள்.